கடைசி பஸ்ஸுக்கு முன்: மலைக் கிளினிக்கில் புதிதாகச் சேர்பவர்களுக்கு

எங்கள் கிளினிக் வாசலிலிருந்து தேயிலை எஸ்டேட் பக்கம் போகும் கடைசி பஸ் மாலை 4:45க்கு. அதற்கு அரை மணி நேரம் முன்பே ஓ.பி.யில் (வெளிநோயாளிகள் பிரிவில்) உட்கார்ந்திருப்பவர்கள் பையை எடுத்துக்கொண்டு எழுந்து நிற்க ஆரம்பித்துவிடுவார்கள். டாக்டர் கூப்பிடாவிட்டாலும் சரி, மாத்திரை வாங்காவிட்டாலும் சரி, அந்த பஸ்ஸை விட்டால் யானை நடமாடும் பாதையில் ஆறு கிலோமீட்டர் நடக்க வேண்டும். நீலகிரியில் நர்ஸாகவோ, லேப் டெக்னீஷியனாகவோ, சீட்டு எழுதுபவராகவோ நீங்கள் புதிதாகச் சேர்ந்திருந்தால் உங்கள் ஊரின் கடைசி பஸ் நேரத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தைகளையும், தங்களைத் தாங்களே காத்துக்கொள்ள முடியாத பெரியவர்களையும் காப்பது பற்றி நான் கீழே எழுதுகிற எல்லாமே அந்த நேரத்துக்குள் முடிய வேண்டியவை. சமவெளியில் "நாளைக்கு வாங்க, பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பலாம். இங்கே நாளைக்கு வரமாட்டார்கள். கொழுந்து சீசன் என்றால் அடுத்த மாதம்கூட வரமாட்டார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், வேறொரு கிளினிக்கில், ஏழு வயதுப் பையன் ஒருவனை அவனுடைய மாமா தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு பாதத்திலும் தீக்காயம். "கணப்பு மேல விழுந்துட்டான் சிஸ்டர்" என்றார். குளிர்காலத்தில் வீட்டுக்குள் கரி மூட்டி வைக்கும் ஊர் இது. கணப்பில் விழுந்த பிள்ளைகளை நான் அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். உள்ளங்கையிலோ முழங்காலிலோ, பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும், சாம்பல் ஒட்டி, ஓரம் ஒழுங்கில்லாமல் இருக்கும். இந்தப் பையனுக்கு இரண்டு காலிலும் காயம் ஒரே உயரத்தில், சாக்ஸ் போட்டது போல நேர்க்கோடாக முடிந்திருந்தது. சுடுதண்ணீரில் காலைப் பிடித்து அமுக்கினால் வரும் கோடு அது என்று அன்று எனக்குத் தெரியாது. ஏதோ சரியில்லை என்று மட்டும் மனசில் பட்டது. மருந்து வைத்துக் கட்டி, இரண்டு நாள் கழித்துக் கட்டு மாற்ற வரச் சொன்னேன். வரவில்லை. சீட்டில் முகவரி என்று எஸ்டேட் பேர் மட்டும்தான் இருந்தது. தேடிப் போனபோது லைன் வீடு (எஸ்டேட் தொழிலாளர்களுக்கான வரிசை வீடு) பூட்டியிருந்தது, குடும்பம் வேறு எங்கோ வேலைக்குப் போய்விட்டது. அவனுக்கு அப்புறம் என்ன ஆனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எதைப் பார்ப்பது, எப்படிக் கேட்பது, என்ன எழுதி வைப்பது, அன்றே யாரிடம் சொல்வது. அன்று எனக்கு யாராவது இதைக் கற்றுக்கொடுத்திருக்கலாம். நிரூபிப்பதும் விசாரிப்பதும் போலீசும் நீதிமன்றமும் செய்யும். நமக்கு அந்தப் பாரம் இல்லை. சந்தேகம் வந்தால் அதைச் சரியான இடத்துக்கு அன்றே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நம் பங்கு.

சேர்ந்த முதல் நாள்

உங்கள் கிளினிக்கில் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஆள் யார் என்று கேளுங்கள். இரண்டு பேர் இருக்க வேண்டும், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். ஒருவர் லீவில் போனால் இன்னொருவர். "அப்படி யாரும் இல்லையே" என்று பதில் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லி ஒருவரை நியமிக்கச் சொல்லுங்கள். சின்ன கிளினிக்குகளில் இது யாருடைய வேலையும் இல்லாமல் கிடப்பதால்தான் பல பிள்ளைகள் கைநழுவிப் போகிறார்கள்.

அப்புறம் எண்கள். குழந்தைகளுக்கு 1098, எந்த நேரமும். பெண்களுக்கு 181. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108. இவற்றோடு உங்கள் எல்லையில் வரும் காவல் நிலையம், அனைத்து மகளிர் காவல் நிலையம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் நலக் குழு, மாவட்ட சமூக நல அலுவலகம், கோட்டாட்சியர் அலுவலகம் ஆகியவற்றின் எண்களை ஒரு காகிதத்தில் எழுதி டிரெஸ்ஸிங் ரூம் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். செல்போனில் மட்டும் வைத்திருந்தால் போதாது. பந்தலூர், குந்தா பக்கம் சில இடங்களில் மழை பெய்தால் சிக்னல் போய்விடும். எந்த ஜன்னல் ஓரத்தில் நின்றால் சிக்னல் கிடைக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இதெல்லாம் சின்ன விஷயமாகத் தோன்றும். நாலரை மணிக்கு ஒரு பிள்ளையை உள்ளே உட்கார வைத்துக்கொண்டு எண் தேடி ஓடியவர்களுக்கு அப்படித் தோன்றாது.

யார் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சட்டப்படி 18 வயது நிறையாத எல்லோரும் குழந்தைகள். கல்யாணம் ஆகியிருந்தாலும், வேலைக்குப் போனாலும் குழந்தைகள்தான். பெரியவர்களில், படுக்கையில் கிடக்கும் முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், மனநலம் பாதித்தவர்கள், வீட்டில் அடி வாங்கும் பெண்கள், மொழி தெரியாமல் வெளிமாநிலத்திலிருந்து வந்து லைன் வீட்டில் தங்கியிருக்கும் தொழிலாளர்கள் ஆகியோரை நான் மனசில் வைத்து எழுதுகிறேன்.

தனியாக ஒரு நிமிடம்

நோயாளியோடு தனியாக ஒரு நிமிடம் கிடைக்க வேண்டும். இதைவிட முக்கியமான கருவி நம் கையில் இல்லை. "நீங்க வெளியே இருங்க" என்று கூட வந்தவரிடம் நேரடியாகச் சொன்னால் அவருக்குச் சந்தேகம் வரும், அதன் பலனை வீட்டுக்குப் போனபின் நோயாளிதான் அனுபவிப்பார். அதனால் எல்லோருக்கும் ஒரே வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். எடை மிஷினையும் உயர அளவுகோலையும் உள் அறையில் வையுங்கள். "எடை பார்க்கணும், வாங்க பாட்டி" என்றால் யாரும் தடுக்கமாட்டார்கள். யூரின் டெஸ்ட்டுக்கு டப்பா கொடுத்து பாத்ரூம் வரை கூடவே போகலாம். எல்லோருக்கும் இதே முறை என்றால் யார் மீதும் தனியாகக் கண் விழாது.

சிறு பிள்ளைகள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தனியாகப் பேசுவது என்றால் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு ஊழியர் மட்டும் பிள்ளையோடு இருப்பது என்று பொருள் இல்லை. கதவு பாதி திறந்திருக்கட்டும், இன்னொரு பெண் ஊழியர் கண் பார்வையில் இருக்கட்டும், பேச்சு மட்டும் வெளியே கேட்காமல் இருந்தால் போதும்.

மொழி இங்கே பெரிய சிக்கல். ஹட்டியிலிருந்து (படுகர் ஊரிலிருந்து) வரும் பாட்டி படுகு மொழி பேசுவார், கூடலூர்ப் பக்கம் பணியர் பழங்குடிக் குடும்பங்கள் தங்கள் மொழியில் பேசுவார்கள், ஜார்க்கண்ட், அசாமிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்களுக்குத் தமிழ் பாதிதான் புரியும். அப்போது கூட வந்த மேஸ்திரியே முன்வந்து "நான் சொல்றேன் சிஸ்டர்" என்பார். நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் காயத்தைப் பற்றிய கேள்விக்கு அவரை மொழிபெயர்க்க விடாதீர்கள். கணவர், மாமியார், மூத்த பிள்ளை யாரையும் விடாதீர்கள். மொழி தெரிந்த, அதே எஸ்டேட்டைச் சேராத இரண்டு மூன்று பேரின் எண்ணை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டால் போனிலாவது பேச வைக்கலாம். கிராம சுகாதார செவிலியருக்கும் அங்கன்வாடி ஊழியருக்கும் இப்படிப்பட்ட ஆட்களை நன்றாகத் தெரியும்.

உடம்பைப் பார்ப்பது

ஓடி விளையாடும் பிள்ளைக்கு முட்டியிலும் முழங்கையிலும் நெற்றியிலும் அடிபடும். எலும்பு துருத்தி நிற்கும் இடங்களில் ரத்தக்கட்டு சகஜம். காது, கழுத்து, கன்னம், வயிறு, முதுகு, தொடையின் உள்பக்கம், பிட்டம் ஆகிய இடங்களில் இருந்தால் நின்று யோசியுங்கள். நான்கு வயதுக்குள் இருக்கும் பிள்ளையின் உடலிலோ காதிலோ கழுத்திலோ ரத்தக்கட்டு இருந்தால் டாக்டர் முழுதாகப் பார்க்க வேண்டும். இன்னும் தவழக்கூட ஆரம்பிக்காத கைக்குழந்தைக்கு எங்கே ரத்தக்கட்டு இருந்தாலும் அன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். தானாக நகர முடியாத குழந்தை தானாக இடித்துக்கொள்ளாது. மேலுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே இருக்கும் சின்னச் சவ்வு கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பால் பாட்டிலையோ ஸ்பூனையோ வாயில் திணித்தால் அது கிழியும். பெல்ட் பக்கிள், ஒயர், விரல்கள், பல் வரிசை என்று வடிவம் தெரிகிற தழும்புகளுக்கு விளக்கமே தேவையில்லை.

அதே சமயம் இந்த மலையில் நம்மைத் தவறாக நினைக்க வைக்கும் சில அடையாளங்கள் உண்டு. புதியவர்கள் இவற்றைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு தாயைக் குற்றவாளி போலப் பார்த்துவிடக்கூடாது. பல குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே இடுப்புக்குக் கீழே நீலமும் சாம்பலும் கலந்த திட்டு இருக்கும். ரத்தக்கட்டு என்றால் சில நாளில் பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறும். இந்தத் திட்டு அப்படிச் சில நாளில் மாறாது. முதல் தடுப்பூசிக்கு வரும்போதே கார்டில் குறித்து வைத்துவிடுங்கள். டிசம்பர், ஜனவரிக் குளிரில் விரல்கள் சிவந்து வீங்கி அரிக்கும், அது அடித்த வீக்கம் இல்லை. மழைக்காலத்தில் அட்டை கடித்த இடம் கணுக்காலில் சின்னச் சின்னதாக ரத்தம் கசிந்து கன்றிப்போய் இருக்கும். முக்கியமானது சிக்கிள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோய். பணியர், இருளர், குறும்பர் சமூகங்களில் இது இருக்கிறது. இந்த நோய் உள்ள கைக்குழந்தைக்குத் திடீரென்று கைகளும் பாதங்களும் வீங்கும், தொட்டால் அலறும். யாரோ கையை முறுக்கினார்கள் என்று நினைக்கத் தோன்றும். ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். ரத்தம் உறைவதில் குறை இருந்தாலும் உடம்பெல்லாம் ரத்தக்கட்டு வரும். சந்தேகத்தைக் குறித்து வையுங்கள், டாக்டர் இரண்டு பக்கத்தையும் பார்க்கட்டும்.

சூடு போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. மஞ்சள் காமாலைக்கும் வலிப்புக்கும் வயிற்றில் சூடு போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. பாட்டி கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஆனால் பிள்ளைக்கு அது தீக்காயம்தான். குடும்பத்தைத் திட்டி விரட்டினால் அடுத்த முறை வலிப்பு வந்தால் கிளினிக்குக்கே வரமாட்டார்கள். காயத்துக்கும் வலிப்புக்கும் சேர்த்து வைத்தியம் பார்த்து, டாக்டரே உட்கார்ந்து பேசி, பதிவேட்டில் எழுதி, கிராம செவிலியர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். மறுபடியும் நடந்தால் 1098தான்.

வறுமையையும் புறக்கணிப்பையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஸ்வெட்டர் இல்லாமல் மூக்கு ஒழுக வரும் பிள்ளையின் அம்மா காலையிலிருந்து மழையில் கொழுந்து பறித்துவிட்டு ஓடி வந்திருப்பார். எஸ்டேட்டில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டும் என்பது 1951ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டத்திலிருந்தே வரும் விதி. அது சரியாக நடக்காத இடத்தில் எட்டு வயது அக்காதான் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். அந்த வீட்டுக்குத் தேவை உதவி. வாய்ப்பு இருந்தும், சொல்லிக்கொடுத்தும், மூன்று முறை அழைத்தும் பிள்ளைக்கு வைத்தியம் பார்க்காமல் விடுவது வேறு விஷயம்.

கேட்பது

பிள்ளையின் கண் உயரத்துக்கு உட்காருங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்காதீர்கள். "இது எப்படி ஆச்சு கண்ணு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அரை நிமிடம் மௌனமாக இருப்பது கஷ்டம், பழகிக்கொள்ள வேண்டும். பிள்ளை ஏதாவது சொன்னால் "சரி, அப்புறம் என்ன ஆச்சு?" என்பது போதும். இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே முழுசாகக் கேட்டுவிடலாம். "அப்பாதானே அடிச்சாரு?" என்று பதிலை நீங்களே எடுத்துக் கொடுத்தால் பிள்ளை தலையாட்டும். பின்னால் நீதிமன்றத்தில் அந்தத் தலையாட்டலுக்கு மதிப்பிருக்காது. "ஏன் இவ்வளவு நாள் சொல்லலை?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். அது பிள்ளை மீது பழி போடுகிற கேள்வி.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க சிஸ்டர்" என்று பிள்ளைகள் கேட்பார்கள். எனக்கும் நடந்திருக்கிறது. விடுதியில் தங்கிப் படிக்கும் பதின்மூன்று வயதுப் பெண் அவள். வயிற்று வலி என்று மூன்றாவது முறையாக வந்தவள் என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். சத்தியம் செய்யவில்லை. "உன்னைப் பத்திரமா வெச்சுக்கிற ஆளுங்ககிட்ட மட்டும் சொல்லுவேன். யாருகிட்ட சொல்றேன்னு உனக்கு முதல்ல சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்" என்றேன். கொஞ்ச நேரம் துப்பட்டா நுனியையே முறுக்கிக்கொண்டிருந்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள். பொய் சத்தியம் செய்து, பிறகு அதை மீறியிருந்தால், அவள் எந்தப் பெரியவரையும் மறுபடி நம்பியிருக்கமாட்டாள்.

போதுமான அளவு தெரிந்துவிட்டால் நிறுத்திவிடுங்கள். நீங்கள் ஒருமுறை, டாக்டர் ஒருமுறை, மேனேஜர் ஒருமுறை என்று அதே கதையைச் சொல்ல வைப்பது கொடுமை.

எழுதுவது

பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். "மாமா எனக்கு இங்க தொட்டாரு" என்று சொன்னால் அதைத்தான் எழுத வேண்டும். "பாலியல் துன்புறுத்தல் நடந்ததாகத் தெரிவித்தாள்" என்று உங்கள் மொழிக்கு மாற்றினால் பாதி போய்விடும். படுகிலோ பணிய மொழியிலோ சொன்னால் அந்தச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் பொருள் எழுதுங்கள். கூட வந்தவர் யார், உறவு என்ன, அவர் சொன்ன காரணம் என்ன, நேரம், தேதி, உங்கள் கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். மனித உருவப் படம் அச்சடித்த தாள் ஒரு கட்டு வாங்கி வைத்து, காயம் இருக்கும் இடத்தை அதில் வரைந்து, அளவை சென்டிமீட்டரில் குறியுங்கள். "காயம் பழசு போலத் தெரிகிறது" போன்ற ஊகங்கள் வேண்டாம். என்ன நிறம், எவ்வளவு நீளம் என்பது போதும்.

முகவரியை முழுதாக வாங்குங்கள். எஸ்டேட் பேர், டிவிஷன், லைன் எண், பக்கத்து வீட்டுக்காரர் பேர், போன் எண். அந்தப் பையன் விஷயத்தில் நான் கற்றது இது.

சொந்த செல்போனில் போட்டோ எடுக்காதீர்கள், டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். சீட்டுப் பதிவேட்டைக் கவுன்ட்டரில் திறந்து வைக்காதீர்கள். சின்ன ஊரில் வரிசையில் நிற்பவர் தலைகீழாகவே படித்துவிடுவார். பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 72ஆம் பிரிவின்படி 2 ஆண்டுவரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். டீ குடிக்கும்போது "இன்னிக்கு ஒரு போக்சோ கேஸ் வந்துச்சு" என்று பேசுவதையும் அந்தக் கண்ணோடு பாருங்கள். கேட்பவருக்கு எந்த பஸ்ஸில் யார் வந்தார்கள் என்று தெரியும்.

சொல்வது

குழந்தை மீதான பாலியல் குற்றம் என்றால் நமக்கு இரண்டு வழி கிடையாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் போலீசுக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ சொல்ல வேண்டும் என்கிறது. டாக்டர், நர்ஸ், அட்டெண்டர் எல்லோருக்கும் இது பொருந்தும். சொல்லாமல் விட்டால் 6 மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைத்தால் 1 ஆண்டுவரை சிறையும் அபராதமும். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது எந்த வழக்கும் வராது என்றும் அதே பிரிவு சொல்கிறது. "பெரிய இடத்து விஷயம், விட்டுடு" என்று மேலே இருப்பவர் சொன்னாலும் உங்கள் கடமை அப்படியே இருக்கிறது. தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். நீங்கள் தகவல் சொன்ன நேரத்தையும் வாங்கியவர் பதவியையும் எழுதி வையுங்கள்.

வைத்தியம் போலீசுக்காகக் காத்திருக்கக்கூடாது. எப்.ஐ.ஆர். இருக்கிறதா, கடிதம் இருக்கிறதா என்று எந்த மருத்துவமனையும் கேட்க முடியாது. அரசு, தனியார் எதுவானாலும் முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாகத் தர வேண்டும் என்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 397ஆம் பிரிவு. நம்மைப் போன்ற சின்ன கிளினிக்கில் செய்ய வேண்டியது குறைவு. ரத்தம் வந்தால் நிறுத்துங்கள், வலிக்கு மருந்து கொடுங்கள், 108ஐக் கூப்பிட்டு ஒரு பெண் ஊழியரைக் கூடவே அனுப்புங்கள். குளிக்க வைக்காதீர்கள், உடை மாற்றாதீர்கள். ஏற்கெனவே மாற்றியிருந்தால் பழைய உடையைக் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் சேர்ந்து தடயம் கெட்டுப்போகும். அந்தரங்க உறுப்புகளை நீங்கள் பரிசோதிக்க வேண்டாம். பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும், அப்பா அம்மாவோ பிள்ளை நம்புகிற ஒருவரோ கூட இருக்க வேண்டும். பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் 'இரண்டு விரல் பரிசோதனை'யைச் செய்யவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் மறுபடியும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைச் சம்பவம் நடந்த 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், அவசரக் கருத்தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பந்தலூரிலிருந்து உதகைக்கு வர ஆகும் நேரத்தை இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடி, சூடு, பட்டினி, கைவிடுதல் என்றால் 1098. பிள்ளை எங்கே, யாரிடம் இருக்க வேண்டும் என்று குழந்தைகள் நலக் குழு அன்றே முடிவெடுக்க முடியும். உயிருக்கு ஆபத்து என்றால் 112. காயம் பெரிதென்றால் அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள், அங்கே ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் பதிந்துவிடுவார்கள். அடித்தவர் பக்கத்திலேயே நிற்கிறார், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகத் துடிக்கிறார் என்றால், "ட்ரிப்ஸ் போட்டிருக்கு, டாக்டர் பார்க்கணும், அட்மிஷன் போட்டிருக்கோம்" என்று வைத்தியக் காரணம் சொல்லி நிறுத்துங்கள். வாக்குவாதம் வேண்டாம். பஸ் போகட்டும்.

பதினேழு வயதுக் கர்ப்பிணி

இது இந்த மலையில் அடிக்கடி வரும், மனசுக்கு மிகவும் கஷ்டமானதும் இதுதான். கழுத்தில் தாலியோடு, பக்கத்தில் இருபது வயதுப் பையனோடு, வெட்கப்பட்டுக்கொண்டு வந்து நிற்பாள். யாரும் அவளை அடிக்கவில்லை, கட்டாயப்படுத்தவில்லை என்பாள். சட்டத்தின் கண்ணில் 18க்குக் கீழே சம்மதம் என்பது கிடையாது. மனைவியாக இருந்தாலும் 18 நிறையாவிட்டால் குற்றம்தான் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. தகவல் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆனால் எப்படிச் சொல்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. அவளைத் திட்டாதீர்கள், சீட்டு கொடுக்காமல் திருப்பி அனுப்பாதீர்கள். திருப்பி அனுப்பினால் வீட்டிலேயே பிரசவம் பார்ப்பார்கள், அல்லது யாரிடமோ போய்க் கலைக்கப் பார்ப்பார்கள். முதலில் ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், கர்ப்பிணிப் பதிவு, எல்லாம் செய்து முடியுங்கள். அப்புறம் அவளிடமும் அவள் அம்மாவிடமும் உட்கார்ந்து, நான் இதைத் தெரிவித்தாக வேண்டும், அடுத்து இன்னின்னார் வருவார்கள், உன் வைத்தியம் எதுவும் நிற்காது என்று சொல்லுங்கள். கருக்கலைப்புக்காக வந்த சிறுமி விஷயத்தில், அவளும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குக் கொடுக்கும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் டாக்டர் சொல்ல வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதை உங்கள் டாக்டருக்கு நினைவுபடுத்துங்கள்.

பெரியவர்கள்

பெரியவர்கள் விஷயத்தில் அடிப்படையே மாறுகிறது. தன் நிலையைப் புரிந்து முடிவெடுக்கக்கூடிய ஒருவர் "வேண்டாம் சிஸ்டர், எம் பையன் பேரு கெட்டுடும்" என்றால் அவரை மீறிப் புகார் கொடுக்க ஓடக்கூடாது. கதவைத் திறந்து வைத்திருக்கலாம். எண்ணைச் சொல்லலாம், அடுத்த முறை வரும் தேதியை நெருக்கமாகப் போடலாம். உயிருக்கு ஆபத்தோ, முடிவெடுக்கும் நிலையில் அவர் இல்லாமலோ இருந்தால் காத்திருக்கக்கூடாது.

ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்கிறேன். மருமகள் எல்லாக் கேள்விக்கும் தானே பதில் சொன்னார். எடை பார்க்கக் கூட்டிப்போனேன். போன முறையை விட நாலு கிலோ குறைந்திருந்தது. செருப்பைக் கழற்றச் சொன்னபோது கால் நகங்கள் வளைந்து சதைக்குள் போயிருந்தன, குதிகாலில் படுக்கைப் புண். "சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்குதா பாட்டி?" என்றதும், முந்தானையில் முடிந்து வைத்திருந்த பாதி பன்னை எடுத்துக் காட்டினார். பஸ் ஸ்டாண்டில் யாரோ கொடுத்ததாம். ஓய்வூதியம் எடுக்கும் கார்டு பேரனிடம் இருக்கிறது என்றார். அவர் சம்மதத்தோடுதான் 14567க்குப் பேசினோம், போனை அவரே காதில் வைத்துக் கேட்டார்.

2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் ஜீவனாம்சம் கேட்கலாம். கவனித்துக்கொள்வதாக நிபந்தனை போட்டு எழுதி வாங்கிய சொத்தை, கவனிக்காவிட்டால் ரத்து செய்யவும் முடியும். முதியவரைக் கைவிட்டால் 3 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். மாற்றுத்திறனாளி ஒருவர் கொடுமைக்கு ஆளாகிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவருக்கு (கோட்டாட்சியர் போன்றவருக்கு) தகவல் கொடுக்கலாம். வீட்டில் அடி வாங்கும் பெண்களுக்கு 181, சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர். எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்காதீர்கள், கணவர் பையைத் துழாவுவார். மூன்று இலக்கம்தான், மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள்.

நம் அறைக்குள்ளேயே

ஆபத்து வெளியிலிருந்து மட்டும்தான் வரும் என்று நினைக்காதீர்கள். ஆண் டாக்டரோ டெக்னீஷியனோ பெண்ணையோ குழந்தையையோ பரிசோதிக்கும்போது பெண் ஊழியர் கூட இருக்க வேண்டும், ஸ்கேன் அறையிலும் எக்ஸ்ரே அறையிலும்கூட. எதற்காகத் தொடுகிறோம் என்று தொடுவதற்கு முன் சொல்லுங்கள், கைக்குழந்தை என்றால் அம்மாவிடம். வேலைக்கு ஆள் எடுக்கும்போது காவல் துறைச் சரிபார்ப்புச் சான்று வாங்குங்கள், முன்பு வேலை பார்த்த இடத்துக்குப் போன் செய்து பேசுங்கள். நோயாளிப் பிள்ளைகளின் எண்ணை ஊழியர்கள் தங்கள் போனில் வைத்துக்கொள்ளக்கூடாது. சக ஊழியர் மீது புகார் வந்தால் அவரிடமே போய் "அப்படியா அண்ணா?" என்று கேட்காதீர்கள். பொறுப்பாளரிடம் போங்கள். புகாரே பொறுப்பாளர் மீது என்றால் நேராக 1098க்கோ போலீசுக்கோ போங்கள்.

அனுப்பிய பிறகு

போன் செய்ததோடு வேலை முடிவதில்லை. மறுநாள் காலை குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போன் செய்து பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். கட்டு மாற்ற வேண்டிய தேதியை அவர்களிடமும் சொல்லுங்கள், அந்தத் தேதியை உங்கள் காலண்டரிலும் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வராவிட்டால் மதியத்துக்குள் கிராம செவிலியரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அன்று இரவு உங்களுக்கே தூக்கம் வராது. கூட வேலை செய்யும் ஒருவரோடு, பேர் சொல்லாமல், உங்களுக்கு எப்படி இருந்தது என்பதை மட்டும் பேசுங்கள்.

எங்கள் டிரெஸ்ஸிங் ரூமில் இப்போது ஒரு தனி நோட்டு இருக்கிறது. பூட்டிய அலமாரிக்குள்தான் இருக்கும், சாவி இரண்டு பேரிடம். ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும் ஒரு கட்டம் போட்டிருக்கிறோம்: 'மறுபடி பார்த்த தேதி'. அந்தக் கட்டம் காலியாக இருக்கும் பக்கங்களைத் திங்கட்கிழமை காலை, ஓ.பி. ஆரம்பிக்கும் முன், இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து புரட்டுகிறோம்.